இருநூற்று முப்பது ஞாயிறு

ஓய்வுநாள் பள்ளி அறைச் சுவரில்
ஆவியின் கனி என்று ஒரு படம்.
மரம் ஒன்று, பழம் ஒன்பது.
அன்புக்கு ஆப்பிள்.
இச்சையடக்கத்துக்கு, முதுநகரில் ஒருவரும்
கடித்துப் பார்த்திராத ஏதோ ஒரு சீமைப் பழம்.
நீடிய பொறுமைக்கு மட்டும் பலா,
அதுவும் உச்சாணிக் கிளையின் நுனியில்.
வரைந்தவர் பண்ருட்டிப் பக்கம்
போனதே இல்லை போலிருக்கிறது.

முந்திரி அந்த மரத்தில் இல்லை.

நான் முந்திரிக்காரி.
கேப்பர் மலைக்கு அப்பால் செம்மண் ரோட்டோரம்
தகரக் கொட்டகையில் கொட்டை உடைக்கிறேன்.
மற்ற பழமெல்லாம் விதையை உள்ளே வைத்து மூடும்.
இது மட்டும் வெளியே தொங்கவிடும்,
தொட்டால் பொசுக்குகிறதை
முதலில் நீட்டிக்கொண்டு.
பால் தெறித்த இடம் வெந்து உரியும்.
சாம்பல் பூசிக்கொண்டுதான் உட்காருவோம்,
ஆனாலும் கறுப்பு ஏறும்.
எந்த சோப்புக்கும் இறங்காது.
நற்கருணைக்குக் கையேந்தினால்
போதகர் விரல் படாமல் அப்பம் போடுவதாக
எனக்கு ஒரு நினைப்பு.
அவர் அப்படிப்பட்டவர் இல்லை என்கிறார்கள்.

சுகிர்தாவிடம் சீட்டுக் கட்டினேன்.
நாற்பத்தாறாயிரம்.
மகளை நர்சிங் சேர்க்க வைத்திருந்தது.
ஒரு மாசி மாதம் போய்ப் பார்த்தால் வீட்டில் பூட்டு,
பூட்டின் மேல் சிலந்தி.
அதன் பிறகு நான் செய்த ஜெபங்களை
எழுதிக் கொடுத்திருந்தால்
போலீஸ் ஸ்டேஷனில் புகாராக எடுத்திருப்பார்கள்.
அவள் கை அழுக வேண்டும் என்று
ஒருநாள் முழங்காலில் நின்று கேட்டேன்.
ஆமென் சொன்னேனா, நினைவில்லை.

இரண்டு வருடம்.

லெந்து காலத்தின் மூன்றாவது ஞாயிறு,
முதல் பாட்டு முடிகிற நேரம்,
முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே வந்தாள்.
கோவில் நிறைந்திருந்தது.
இடம் இருந்தது என் வலப்பக்கம் ஒன்றுதான்.
பிரசங்கம் எதைப் பற்றி என்று கேட்காதீர்கள்.
மின்விசிறியின் மூன்று இறக்கையையும்
எண்ணிக்கொண்டிருந்தேன்.

பிறகு சமாதானம் கொடுக்கும் நேரம்.
பீடத்திலிருந்து இறங்கி, பெஞ்சு பெஞ்சாக,
கூப்பிய கையைக் கைக்குள் வாங்கி
அடுத்தவருக்குக் கொடுத்து, கொடுத்து,
இடப்பக்கத்து வேதமுத்து டீச்சரிடமிருந்து
பவுடர் வாசனையோடு எனக்கு வந்தது.
என் கையில் வந்து நின்றது.

அவளுக்கு அப்பால் ஐந்து பேர்.
நான் கொடுக்காவிட்டால்
அந்த ஐந்து பேருக்கும் சமாதானம் கிடையாது.
அதில் நான்கு பேரோடு எனக்குத் தகராறு எதுவும் இல்லை.

அன்பு என்று சொன்னால் பொய்.
பெஞ்சு முடியட்டும் என்று நீட்டினேன்.

வாங்கிய கை சொரசொரத்தது.
குனிந்து பார்த்தேன்.
நோட்டு எண்ணும்போது மோதிரம் மின்னுமே, அதே கை.
நகக்கண்ணெல்லாம் கறுப்பு.
கட்டைவிரலில் வெந்து உரிந்த தோல், புதுசு.
எந்த ஊர்க் கொட்டகையோ.

கேட்டது இதுவா என்று
யாரோ என்னிடம் கேட்டது போல இருந்தது.

ஆராதனை முடிந்து சைக்கிள் நிறுத்துமிடத்தில்
காணிக்கைக் கவர் ஒன்றை என் பைக்குள் திணித்தாள்.
ஒரு வார்த்தை பேசவில்லை. நானும்தான்.
ஷேர் ஆட்டோவில் பிரித்தேன். இரண்டு நூறு.
மறுபடி எண்ணினேன்.
இரண்டு தாளில் மறுபடி எண்ண என்ன இருக்கிறது.

கணக்குப் போட்டேன்.
வாரம் தவறாமல் தந்தால்
இருநூற்று முப்பது ஞாயிறு.
நான்கு வருடத்துக்கும் மேல்.
கொல்லையில் ஊன்றிய கொட்டை முளைத்து
முதல் காய் காட்டவும்
கிட்டத்தட்ட அவ்வளவு நாள் ஆகும்.
அதற்குள் மகள் என்ன படிப்பாள்,
அதை எந்தப் பழத்தில் எழுதியிருக்கிறது?

அடுத்த ஞாயிறு சுகிர்தா வரவில்லை.
அதற்கடுத்ததும்.
சிரிப்பு வந்தது, கோபமும் வந்தது,
பழைய ஜெபம் தொண்டை வரை ஏறியது.

நேற்றும் சீக்கிரம் போய்விட்டேன்.
பையை வலப்பக்கம் வைத்தேன்.
கூட்டம் சேர்ந்ததும் வேதமுத்து டீச்சர்
"கொஞ்சம் தள்ளி உட்காரேன்" என்றார்.

"ஆள் வருது" என்றேன்.